அப்பத்தா தைத்த சட்டையைப் பிள்ளைக்குப் போடுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிற்பாதியிலிருந்து மாசி வரை செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று போனவர்கள் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் கைக்குழந்தையோடு வந்து இறங்குவார்கள். வளவு என்னும் உள்முற்றத்தைக் கழுவி, உள்வீடு என்னும் உள்ளறையைத் திறந்து, டிரங்குப் பெட்டியையும் மரப் பெட்டகத்தையும் கிளறும்போது அடியில் ஒரு துணி மூட்டை அகப்படும். மூன்று தலைமுறை போட்டுக் கழற்றிய மல் துணிச் சட்டை, சரிகை வைத்த வெல்வெட் குல்லா, மணி கோத்த கழுத்துப்பட்டி, கம்பளி நூலில் பின்னிய காலுறை. 'அப்பத்தா கையால் போட்ட பூவேலை, பிள்ளைக்கு மாட்டி ஒரு போட்டோ எடுத்துவிடலாம்' என்று அன்றைக்கே சோப்புத்தூளில் முக்கி, வெயிலில் போட்டு, இஸ்திரி தேய்த்து மாட்டிவிடுகிறார்கள். நூறு வருடம் தாங்கிய துணி அந்த ஒரு பகலில் நைந்துபோகிறது. பிள்ளைக்கும் அது நல்லதல்ல. காரைக்குடிப் பக்கம் பழந்துணிகளைத் துப்புரவு செய்து பாதுகாக்கும் வேலையில் இருக்கும் நாங்கள், இந்த மூட்டையைத் திறக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் பிள்ளையின் பக்கம். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி பாச்சை உருண்டையின் நெடி. அது நாப்தலீன். உருகாமல் அப்படியே ஆவியாகிப் பஞ்சிலும் கம்பளியிலும் ஏறித் தங்கிவிடும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பிறந்து சில நாளோ சில வாரமோ ஆன பிள்ளையென்றால் காமாலை கடுமையாகி மூளையைத் தாக்கும் அளவுக்கும் போகலாம். இந்தக் குறைபாடு பரம்பரையாக வருவது, ஆண் குழந்தைகளிடம் அதிகம். பார்த்து அறிய முடியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். எண்ணெய் தேய்த்த உடம்பில் நாப்தலீன் இன்னும் வேகமாக ஏறும் என்பதை நம் வீடுகளில் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு பெட்டிச் சட்டையைப் போடுவதுதானே நம் பழக்கம்.

நாப்தலீன் தண்ணீரில் கரையாது. ஆகவே ஒருமுறை அலசினால் போய்விடும் என்று இருந்துவிடக் கூடாது. காற்று ஓடும் நிழலில், வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் பரப்பி, நெடி அறவே போகும் வரை விட வேண்டும். மெல்லிய மல்லுக்குச் சில நாள் போதும். கம்பளிக்கும் பஞ்சு வைத்துத் தைத்த போர்வைக்கும் வாரக்கணக்கில் ஆகும். லீவு முடிந்து பத்து நாளில் விமானம் ஏறப் போகிறவர்கள் அந்தப் பெட்டிக் கம்பளியைப் பிள்ளைக்குப் போர்த்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தெரியாமல் போட்டுவிட்டு, பிள்ளை வெளிறினாலோ, கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய், பாச்சை உருண்டை விஷயத்தையும் வாய் திறந்து சொல்லுங்கள். சூடமும் கைக்குழந்தைக்கு ஆகாது. உருண்டைக்குப் பதில் சூடம் வைத்திருக்கிறோம் என்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது நூல். கைப்பூவேலையின் உள்புறத்தில், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் தாவிப் போயிருக்கும். நாள்பட்டு அது அறுந்து தொங்கும். கை உறை, காலுறை, நீளக் கைச் சட்டை ஆகியவற்றின் உள்ளே இந்த நூல் பிள்ளையின் விரலைச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கி நீலம் பாயும். பிள்ளை ஏன் அழுகிறது என்றே யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றையும் உள்புறம் வெளியே திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தொங்கும் நூலை இழுக்கவோ வெட்டவோ கூடாது, பூவே பிரிந்து வந்துவிடும். மெல்லிய ஊசியால் பக்கத்துத் தையலுக்குள் நுழைத்துவிடுங்கள். கழுத்தில் கட்டும் நாடா, ரிப்பன், மணிச்சரம் உள்ளதைப் பிள்ளை தூங்கும்போது போடவே கூடாது. மணி தைத்தவற்றைக் கைக்குழந்தைக்குப் போடாமலிருப்பதுதான் நல்லது. மணி கோத்த பருத்தி நூல் உள்ளே மக்கியிருக்கும், ஒன்று அறுந்தால் வரிசையே உதிரும், உதிர்ந்தது நேரே வாய்க்குப் போகும். பழைய மணிகள் சிலவற்றின் கண்ணாடியில் ஈயமும் உண்டு.

இனித் துணியின் பக்கம். துவைக்கலாமா என்று கேட்பதற்கு முன் அது என்ன துணி என்று தெரிய வேண்டும். உள் தையல் ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனையும் சாம்பல் நிறத் தூளும் வந்தால் பருத்தி அல்லது லினன். தலைமயிர் கருகும் நாற்றமும், விரலில் நசுக்கினால் பொடியாகும் கறுப்பு மணியும் வந்தால் பட்டு அல்லது கம்பளி. நசுக்க முடியாத கெட்டி மணி வந்தால் பாலியெஸ்டர் அல்லது நைலான். அப்படியென்றால் அந்தச் சட்டை கொள்ளுப்பாட்டி காலத்தது அல்ல, அல்லது பிறகு யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள்.

கைவேலையா மெஷின் வேலையா என்பதற்குப் பின்புறம்தான் சாட்சி. கையால் போட்டதில் பூவுக்குப் பூ சிறு வித்தியாசம் இருக்கும். நூல் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் கண்ணுக்குத் தெரியும். மெஷின் பூவேலையில் ஒரு பூவில் இருக்கும் பிசகு எல்லாப் பூவிலும் அச்சாக அப்படியே இருக்கும். அடியில் வேறொரு நூல் ஓடும். சுவிட்சர்லாந்தில் 1863-இல் அடி நூலோடு ஓடும் ஷிஃப்லி என்னும் பூவேலை மெஷின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்த வகை லேசும் பூத்துணியும் உலகமெங்கும் போயின. ஆகவே பழையது என்பதாலேயே கைவேலை ஆகிவிடாது. அழுத்திப் பூட்டும் டிச் பட்டனுக்குக் காப்புரிமை கிடைத்தது 1885-இல்தான். அது முதலிலேயே தைத்தது என்று தெரிந்தால் சட்டை அதற்கு முந்தியதல்ல. கடையில் கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டிப் பாருங்கள். இன்றைய நூலும், இன்றைய சோப்புத்தூளில் துவைத்த துணியும் பளீரென்று நீலவெள்ளையாக மின்னும். மின்னாத சட்டையில் ஒரு மூலை மட்டும் மின்னினால் அங்கே பழுது பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

பட்டில் ஓர் எச்சரிக்கை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கனமாகத் தோன்ற வேண்டும் என்று வெளிநாட்டுப் பட்டில் வெள்ளீய உப்பு ஏற்றி விற்றார்கள். அந்த வகைப் பட்டு மடிப்பு மடிப்பாகத் தானே கிழியும். நேர்கோடாக, பிளேடு போட்டதுபோல் கீறல்கள் இருந்தால் அதைக் கையில் அதிகம் எடுக்காதீர்கள், துவைக்கவே துவைக்காதீர்கள். வெல்வெட் குல்லாவும் அப்படியே. தண்ணீர் பட்டால் மயிர் படிந்து எழாது. பளபளக்கும் ஜிகினாப் பொட்டு தைத்த சட்டையா? 1930-களின் பொட்டுகள் பல ஜெலட்டினால் ஆனவை. தண்ணீரிலும் இஸ்திரிச் சூட்டிலும் கரைந்து கோந்தாகிப் பூவேலையோடு ஒட்டிக்கொள்ளும். மறைவான இடத்தில் ஒரே ஒரு பொட்டை ஈரப் பஞ்சால் தொட்டு, பிசுபிசுப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தண்ணீர்ப் பேச்சே வேண்டாம்.

சரிகையைப் பற்றி ஒரே வார்த்தை: புளி, விபூதி, பல்பொடி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். நல்ல சரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி சுற்றி, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தங்கப் பூச்சு. கறுத்திருப்பது வெள்ளி. தேய்த்தால் கறுப்போடு தங்கமும் போகும்.

துவைக்கலாம் என்று தீர்மானித்த வெள்ளைப் பருத்தி, லினன் சட்டைகளுக்கு வருவோம். முதலில் சாயம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிற நூலின் மேலும் ஈரப் பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சில் நிறம் ஏறாவிட்டால், துவைக்கப் போகும் சோப்புத் தண்ணீரிலேயே பஞ்சை நனைத்து மறுபடியும் பாருங்கள். வெறும் தண்ணீருக்கு அசையாத சிவப்பு, சோப்புக்கு ஓடிவரும். மஞ்சிட்டி வேர்ச் சாயத்தின் வழி வந்த பழைய சிவப்பு கெட்டியாக நிற்கும். 1884-இல் வந்த காங்கோ சிவப்பு என்னும் செயற்கைச் சாயம் அப்படியல்ல. தண்ணீரிலும் கசியும், எலுமிச்சை பட்டால் நீலமாகவே மாறிவிடும். கறைக்கு எலுமிச்சை தேய்க்கும் பாட்டி வைத்தியம் பூவேலைத் துணிக்கு ஏன் ஒத்துவராது என்பதற்கு இது ஒரு காரணம். புளிப்பு சரியாக அலசப்படாமல் பருத்தியில் தங்கினால் இழை உளுத்துப்போகும் என்பது இன்னொன்று.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினம்; சோப்போடு சேர்ந்து வெண்படிவமாக இழையில் உட்காரும். இரும்பு கலந்திருந்தால் செம்பழுப்புப் புள்ளி விழும். எவர்சில்வர் அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ வேண்டும். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது. 4 லிட்டருக்கு 1 தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, வாசனையும் வெண்மையூட்டியும் சேராத மென்மையான திரவ சோப்புப் போதும். பூந்திக்கொட்டையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நிறத் துணிக்குச் சரி, வெள்ளை மல்லில் அது லேசான பழுப்பு ஏற்றும். பிளீச்சிங் பவுடரும் குளோரின் கலந்த எதுவும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். பருத்தியைத் தின்னும், பட்டையும் கம்பளியையும் மஞ்சளாக்கிக் கரைக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு மென்மையானது என்று சொல்வார்கள். ஆனால் டிச் பட்டன் துரு, குண்டூசித் துரு இருந்த இடத்தில் அது பட்டால் இரும்பு அதைத் தூண்டிவிட்டு, அந்தப் புள்ளி ஓட்டையாகவே விழும்.

துவைக்கும் முறை இது. கொசுவலைத் துணி இரண்டு எடுத்து, நடுவில் சட்டையைப் பரப்பி, ஓரத்தைப் பெரிய தையலாக ஓட்டிவிடுங்கள். அகலமான பிளாஸ்டிக் தட்டில், கைச்சூட்டுக்கும் குறைவான தண்ணீரில் முதலில் சோப்பில்லாமல் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் டீ நிறமாக மாறும். அது கறை மட்டுமல்ல, மக்கிய பருத்தியிலிருந்து இறங்கும் அமிலமும் பழுப்பும். அந்தத் தண்ணீரைக் கொட்டிப் புதிது ஊற்றுங்கள். நிறம் தெளியும் வரை, மூன்று நான்கு முறைகூட. பிறகுதான் சோப்பு, 15 நிமிடம். கசக்காமல், பிழியாமல், கடற்பஞ்சால் மேலிருந்து மெல்ல அமுக்கி அமுக்கி விட வேண்டும். அதன் பின் அலசல், நுரையும் வழுவழுப்பும் அறவே போகும் வரை. தங்கிய சோப்புத்தான் அடுத்த வருடம் மஞ்சளாக எட்டிப் பார்க்கும்.

வலை எதற்கு என்றால், நல்ல பருத்தி நனைந்தால் பலம் கூடும், பட்டுக்குப் பலம் குறையும். ஆனால் நூறு வருடப் பருத்தி அந்த விதிக்குள் அடங்காது. தண்ணீரிலிருந்து தோளைப் பிடித்துத் தூக்கினால் ஊறிய தண்ணீரின் கனமே அக்குளில் கிழித்துவிடும். வலையோடு சேர்த்து இரு கையாலும் தாங்கித் தூக்க வேண்டும். வெள்ளைத் துண்டின் மேல் விரித்து, இன்னொரு துண்டால் ஒற்றி, பூவையும் சுருக்கத்தையும் விரலால் நீவிவிட்டு, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். கொடியும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம். உச்சி வெயில் வெளுக்கும் என்பது உண்மைதான். வெளுப்பதோடு இழையையும் நொறுக்கும்.

கஞ்சி, சொட்டு நீலம், இஸ்திரி மூன்றும் பெட்டிக்குப் போகும் துணிக்கு ஆகாது. கஞ்சி ராமபாணப் பூச்சிக்கு விருந்து. மடித்த இடத்தில் விறைத்து உடையும். போட்டோவுக்காகத் தேய்த்தே ஆக வேண்டுமென்றால், கனமான துண்டின் மேல் பூ கீழ்ப்பார்க்கக் கவிழ்த்து, மேலே வெள்ளை மல் போட்டு, குறைந்த சூட்டில் ஒற்றி ஒற்றி எடுங்கள். அப்படிச் செய்தால் முடிச்சுத் தையலும் எழும்பிய பூவும் தட்டையாகாது.

கிழிசலைத் தைப்பதில் நல்ல தையல்காரிகளும் தவறுவது ஒன்றில்தான்: நூல் துணியைவிடப் பலமாக இருக்கக் கூடாது. பளபளப்பும் பலமும் ஏற்றிய புது மெர்சரைஸ்டு நூலோ பாலியெஸ்டர் நூலோ போட்டால் அடுத்த இழுப்பில் நூல் நிற்கும், துணி அறுபடும். மூன்று முறை துவைத்துக் கஞ்சி நீக்கிய பழைய மல்லில் ஒரு துண்டு வெட்டி, ஓட்டைக்கு ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும்படி அடியில் கொடுங்கள். 10 அல்லது 12-ஆம் நம்பர் ஊசியில் ஒற்றை இழைப் பருத்தி நூலால், பலமான பகுதி வரை சிறு ஓட்டுத் தையல் போடுங்கள். முடிச்சுப் போடாமல் இரண்டு பின்தையலில் முடித்தால் நாளை இன்னொருவர் பிரிக்க வசதி. கிழிந்த ஓரத்தைச் சீராக வெட்ட வேண்டாம். பசையும், இஸ்திரியால் ஒட்டும் கான்வாஸும் கூடவே கூடாது.

பிள்ளைக்குப் போடும் அந்தக் கால் மணி நேரத்துக்கும் ஒரு முறை உண்டு. முதலில் டேப் வைத்து, சட்டையின் மார்புச் சுற்றளவு பிள்ளையின் சுற்றளவைவிடக் குறைந்தது 5 சென்டிமீட்டர் கூடுதலா என்று பாருங்கள். இல்லையென்றால் போட வேண்டாம், பிள்ளையின் பக்கத்தில் விரித்து வைத்துப் படம் எடுங்கள், அதுவும் அழகுதான். போடுவதானால் உள்ளே புதுப் பருத்திப் பனியன் கட்டாயம். கட்டு, பட்டன் எல்லாவற்றையும் அவிழ்த்து, சட்டைக் கையைக் காலுறை சுருட்டுவதுபோல் சுருட்டி, மணிக்கட்டு வழியாக உங்கள் விரலை விட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து, துணியை மேலே நகர்த்துங்கள். பிள்ளையின் கையைத் துணிக்குள் தள்ளினால் தோள் தையல் போய்விடும். பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்த பிறகு போடுங்கள். எண்ணெய், பவுடர், மை, குங்குமம் எதுவும் அன்றைக்கு வேண்டாம். மையின் கரி எந்தச் சோப்புக்கும் போகாது. எண்ணெய்ப் பொட்டு அன்று தெரியாது, ஐந்து வருடம் கழித்துப் பழுப்பு வட்டமாகத் தெரியும். பெட்டிச் சட்டைகளில் காணும் பழுப்புத் திட்டுகளில் பல இப்படி வந்தவைதான், வயதினால் வந்தவை அல்ல.

திரும்ப வைக்கும் இடத்துக்கு நம் வீடுகளே வசதி செய்து தருகின்றன. கனத்த சுண்ணாம்புச் சுவரும் வளவின் நிழலும் உள்வீட்டைக் கோடையிலும் ஓரளவு குளிர்ச்சியாக வைத்திருக்கும். அங்கேதான் வைக்க வேண்டும், ஓட்டுக்கு அடியில் மேல்மாடியில் அல்ல. சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில். தேக்கானாலும் மரம் அமில ஆவி விடும், டிரங்குப் பெட்டி துருப்பிடிக்கும். எதிலும் சட்டை நேரே படக் கூடாது. சாயம் போடாத, கஞ்சியில்லாத வெள்ளை மல்லைத் துவைத்து இரண்டு சுற்று உள்ளே விரியுங்கள். நியூஸ்பேப்பர் வேண்டாம், அதன் அமிலமும் மையும் துணிக்கு ஏறும். மஞ்சள் துணியும் சிவப்புப் பட்டும் மங்கலம்தான், ஆனால் ஐப்பசி ஈரத்தில் நிறம் விடும். பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். காற்றில் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். கடையில் கிடைக்கும் சிறு ஈரமானியைப் பெட்டிக்குள் போட்டுவைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தெரியும்.

மடிப்பில் மல்லைச் சுருட்டி வைத்து, கூர்மடிப்பு விழாமல் மடியுங்கள். கைக்குள்ளும் குல்லாவுக்குள்ளும் மல் பந்து திணியுங்கள். கனமானது அடியில், மணி வைத்தது தனிப்பெட்டியில். வருடம் இருமுறை எடுத்து வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மாற்றுங்கள். பூச்சிக்கு வசம்போ காய்ந்த வேப்பிலையோ வைப்பதானால் தனிப் பையில் கட்டி மூலையில் வையுங்கள், துணியின் மேல் தூவினால் கறை. கம்பளி, பட்டில் அந்துப்பூச்சி கண்டால், பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பின் 24 மணி நேரம் பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் துணி வேர்த்துவிடும். மணி, ஜிகினா வைத்ததை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் எழுதுகிறோம். பங்கு பிரிக்கும்போது பித்தளையும் பீங்கானும் எனாமல் தூக்குகளும் எண்ணிப் பிரிக்கப்படுகின்றன. பிள்ளைச் சட்டை மூட்டை கந்தலோடு சேர்ந்து பழம்பொருள் வியாபாரிக்குப் போகிறது. அங்கே சில சமயம் பூவேலையை மட்டும் கத்தரித்துத் தலையணை உறைக்கும் கைப்பைக்கும் ஒட்டி விற்கிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். முழுச் சட்டையாக இருந்தால்தான் துணி எப்படி வெட்டப்பட்டது, கழுத்து எப்படித் திறந்தது, எத்தனை முறை பெரிதாக்கப்பட்டது என்று படிக்க முடியும். வெட்டிய பூ வெறும் பூதான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கடை வைத்திருப்பவர்களும் முழுச் சட்டையை முழுதாகவே விற்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாத உடைந்த பட்டு, பூஞ்சணம் ஆழப் பிடித்த வெல்வெட் போன்றவற்றுக்கு, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கும் வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் முதலில் யோசனை கேளுங்கள். அதுவரை துவைக்காமல் மல்லில் சுற்றி வைத்தாலே போதும்.

பெட்டியை மூடுமுன் ஒரு வேலை பாக்கி. கல்யாணச் சாமான் பட்டியலில் கரண்டியைக்கூட எழுதிவைத்தவர்கள் நாம். அதே போல் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: தைத்தவர் யார், யாருக்காகத் தைத்தது, எந்த ஊர் வீடு, எந்தப் பிள்ளைகள் போட்டார்கள், துணி எங்கிருந்து வந்தது என்று சொன்னார்கள், எந்த வருடம் எதில் துவைத்தது. தெரிந்ததை மட்டும் எழுதி, கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே குறியுங்கள். மை கசியும், பென்சிலால் எழுதுங்கள். குண்டூசியால் குத்தாமல், துவைத்த பருத்தி நாடாவில் எழுதி உள் தையல் ஓரத்தில் நான்கு தையல் போட்டால் சீட்டு சட்டையைவிட்டுப் பிரியாது. எண்பது வயது ஆயாக்களும் அப்பத்தாக்களும் இருக்கும் வீடுகளில் இதை இந்தத் தை மாதமே செய்துவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழந்துணிப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
காரைக்குடி.